அண்டத்தின் தொடக்கமும் ஆண்டவனும்

க.பொ.த. உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் எம் முன்னே இருக்கின்றது. தம் வீட்டில் நடந்த ஒரு சிறு விவாதத்தை அவர் அதில் விவரித்திருக்கிறார். பிரபஞ்சம் ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருவெடிப்பிலிருந்து விரியத் தொடங்கியது என்று தாம் படித்ததை இராச் சாப்பாட்டு வேளையிற் சொன்னாராம். தகப்பனார் உடனே, "இதில் என்ன புதுமை? ஆடவல்லானின் உடுக்கை ஒலியிலே உலகம் பிறந்ததென்று நம் முன்னோர் அன்றே சொல்லிவைத்தார்கள். வெள்ளைக்காரன் இன்றுதான் கண்டுபிடித்திருக்கிறான்" என்று மகிழ்ந்தாராம். மறுநாள் இதனை வகுப்பிற் சொன்னபோது நண்பன் ஒருவன் சிரித்து, "எல்லாவற்றுக்கும் விஞ்ஞானம் காரணம் சொல்லிவிட்ட பிறகு கடவுளுக்கு அங்கே என்ன வேலை?" என்றானாம்.

"இருவர் சொல்வதும் எனக்கு நிறைவாகப் படவில்லை. அப்பாவின் மகிழ்ச்சியைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் கணக்குக்கு விடையைப் பார்த்துக்கொண்டு வழியை எழுதுவது போன்ற ஒரு கூச்சமும் இருந்தது. நான் கோவிலுக்குப் போனால் எதை மனத்தில் வைத்துக் கும்பிடுவது?" என்று கேட்டு முடிக்கிறார்.

இது விளையாட்டான கேள்வியன்று. பதினெட்டு வயதில் இதற்கு நேர்மையான விடை கிடையாதவர்களுட் சிலர் சமயத்தை விட்டுவிடுகிறார்கள். சிலர் படிப்பைப் பரீட்சைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் நட்டமே. ஆதலின் எம்முடைய அபிப்பிராயத்தை முதலிற் சொல்லாமல், இவ்விஷயத்திற் பேச எவரினும் அதிக உரிமை பெற்றிருந்த ஒருவருடைய கதையைச் சொல்கிறோம். பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருந்திருக்க வேண்டும் என்பதைப் பௌதிகக் கொள்கையாக முதன்முதலில் எடுத்துரைத்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பது பலருக்குத் தெரியாது.

ஜோர்ஜ் லெமேத்ர் 1894ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா நகரிற் பிறந்தவர். பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது முதலாம் உலக யுத்தம் வந்தது. பீரங்கிப் படையிற் சேவைசெய்து வீரப்பதக்கமும் பெற்றார். யுத்தம் முடிந்ததும் பொறியியலை விட்டுக் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதன் பின் குருமடத்திற் சேர்ந்து 1923இல் குருப்பட்டம் பெற்றார். அங்கியை அணிந்த கையோடு கேம்பிரிட்ஜ் சென்று எடிங்ரனிடமும், பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வுக்கூடத்தில் ஷாப்லியிடமும் பயின்றார். உண்மையை அடைய இரு வழிகள் உண்டென்றும், இரண்டிலும் செல்லத் தாம் துணிந்ததாகவும் பிற்காலத்திற் பத்திரிகையாளர் ஒருவரிடம் கூறினார்.

குருமடத்து நாட்களில் இளைஞர் லெமேத்ர் எழுதிய ஒரு சிறு கட்டுரை இங்கே குறிப்பிடத்தக்கது. 1921இல் எழுதப்பட்ட அதில், ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றை ஒளியைப் பற்றிய பௌதிகத்தோடு வரிக்கு வரி பொருத்திக்காட்ட அவர் முயன்றிருக்கிறார். நம் மாணவரின் தகப்பனார் செய்ததையே அவரும் செய்தார். அம்முயற்சியை அவர் விரைவிற் கைவிட்டார். பிறகு அந்த வழியில் திரும்பியும் பார்க்கவில்லை.

1927இல், லூவேன் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தபோது, பெல்ஜிய விஞ்ஞான சங்கமொன்றின் வெளியீட்டிற் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். தொலைவிலுள்ள நட்சத்திர மண்டலங்களின் ஒளி சிவப்புப் பக்கமாகச் சாய்ந்து காணப்படுவதை வானியலார் முன்னரே கண்டிருந்தனர். அவை நம்மைவிட்டு அகன்று செல்கின்றன என்பதே அதன் குறிப்பு. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் கொண்டு லெமேத்ர் காட்டியது என்னவெனில், மண்டலங்கள் வெளியினூடே ஓடவில்லை, வெளியே விரிகின்றது என்பதாகும். ஓர் இறப்பர் பட்டியில் மைப்புள்ளிகளை இட்டு இரு முனைகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். எந்தப் புள்ளியில் இருந்து பார்த்தாலும் மற்றவை விலகும். தூரத்திலுள்ள புள்ளி அதிக வேகமாக விலகும். நடுப்புள்ளி என்று எதுவுமில்லை. ருஷியக் கணித நிபுணர் ஃபிரீட்மன் 1922இலேயே இத்தகைய சமன்பாடுகளைக் கண்டிருந்தார். ஆனால் அவற்றை வானத்தில் அளந்த வேகங்களோடு இணைத்தவர் லெமேத்ரே.

அதே ஆண்டு பிரசல்ஸ் நகரில் ஐன்ஸ்டைனைச் சந்தித்தபோது, கணக்குச் சரியென்றும் பௌதிகம் சகிக்கத்தக்கதன்று என்றும் அவர் கூறிவிட்டார். உலகம் மாறாதது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக அம்மேதையிடம் ஊறியிருந்தது. 1929இல் ஹபிளின் அளவீடுகள் வெளிவந்த பிறகே காற்றுத் திசைமாறியது.

விரிகின்ற ஒன்றைக் காலத்திற் பின்னோக்கிப் பார்த்தால் அது சுருங்கும். எங்கே போய் நிற்கும்? அந்தக் கேள்வியைக் கேட்க எடிங்ரனுக்கே மனமில்லை. இயற்கைக்குத் திடீரென்று ஒரு தொடக்கம் என்பது தமக்கு அருவருப்பாக இருக்கின்றதென்று 1931இல் வெளிப்படையாகவே எழுதினார். அதற்கு மறுமொழியாக அவ்வாண்டு மே மாதம் 9ஆம் திகதி 'நேச்சர்' சஞ்சிகையில் லெமேத்ரின் கடிதம் வெளிவந்தது. ஐந்நூறு சொற்கள்கூட இல்லாத கடிதம். முழுப் பிரபஞ்சத்தின் சக்தியும் தொடக்கத்தில் ஒரே ஓர் அணுவைப் போன்ற அலகில் அடங்கியிருந்திருக்கலாம். அது பிளந்து பிளந்தே இன்றைய உலகம் ஆயிற்று. காலமும் வெளியும்கூட அப்பிளவின் பின்னரே பொருள் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பின்னால் நடக்கப்போவதெல்லாம் இசைத்தட்டிற் பாட்டுப் பதிந்திருப்பதுபோல அந்த முதல் அணுவிற் பதிந்திருக்கவில்லை, கதை போகப்போகவே எழுதப்படுகின்றது என்றும் அவர் அதிற் சொன்னார்.

அச்சேறிய கடிதத்தைவிட, அச்சேறாத ஒரு பகுதியே எமக்கு அதிகம் வேண்டுவது. கடிதத்தின் மூலப்பிரதியின் இறுதியில் இன்னுமொரு பந்தி இருந்தது. கடவுள் தம் இயல்பிலேயே மறைந்திருப்பவர். படைப்பை மறைக்கும் ஒரு திரையை இன்றைய பௌதிகம் அளிப்பது கண்டு விசுவாசிகள் மகிழலாம் என்ற கருத்துப்பட அவர் எழுதியிருந்தார். எழுதிவிட்டு, அனுப்புமுன் அதனை அடித்துவிட்டார்.

விஞ்ஞானம் கடவுளை வெளிப்படுத்துகின்றது என்று அவர் எழுதவில்லை. மறைக்கின்றது என்றே எழுதினார். அவ்வளவு அடக்கமான வாக்கியத்தைக்கூட விஞ்ஞான சஞ்சிகையில் இடுவது முறையன்று எனக் கருதினார் போலும்.

அவர் அடித்துவிட்டாலும் மற்றவர்கள் விடவில்லை. அங்கி அணிந்த ஒருவர் உலகுக்குத் தொடக்கம் உண்டென்றால் அது வேதாகமத்தைப் பின்கதவால் உள்ளே கொண்டுவரும் முயற்சியாகத்தானே இருக்கும்? அக்கொள்கை சமயப் படைப்பை அதிகம் நினைவூட்டுவதாக ஐன்ஸ்டைனே தயங்கினார் என்று லெமேத்ர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1948இல் ஹொயில், போண்டி, கோல்ட் என்னும் மூவர், பிரபஞ்சம் விரிந்தாலும் என்றும் ஒரேபடித்தாகவே இருக்கின்றது, இடைவெளியிற் புதிய சடப்பொருள் சிறிது சிறிதாகத் தோன்றிக்கொண்டே இருக்கின்றது என்ற எதிர்க்கொள்கையை வெளியிட்டனர். 1949இல் பி.பி.ஸி. வானொலியில் ஹொயில் மற்றைய கொள்கையைக் குறிப்பிட வழங்கிய சொல்லே 'பிக் பாங்' என்பது. எதிராளி சூட்டிய பெயரே கொள்கைக்கு நிலைத்துவிட்டது! ஹொயிலை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் உடலிலுள்ள கரியும் இரும்பும் நட்சத்திரங்களின் உள்ளே சமைக்கப்பட்டன என்பதை நிறுவியவர்களுள் அவர் முதன்மையானவர். எனினும், கடவுளுக்கு இடம்வைக்க விரும்புகிறவர் மாத்திரமே பக்கஞ்சாய்வார், இடமில்லை என்கிறவர் சாயமாட்டார் என்று நம் மாணவரின் நண்பர் எண்ணிவிடலாகாது.

இப்போது கதையின் முக்கிய கட்டத்துக்கு வருகிறோம். 1951 நவம்பர் 22ஆம் திகதி, பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தம்முடைய விஞ்ஞானக் கழகத்தின் முன் உரையாற்றினார். இக்கால விஞ்ஞானம் கோடிக்கணக்கான ஆண்டுகளைப் பின்னோக்கிக் கடந்து, 'ஒளி உண்டாகுக' என்ற ஆதி வாக்குக்கே சாட்சியாக நிற்கின்றதென அவர் மகிழ்ந்து பேசினார். உலகப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் வெளியிட்டன.

லெமேத்ர் அக்கழகத்தின் அங்கத்தவர். பாப்பரசருக்குக் கீழ்ப்படிந்த குருவானவர். தம்முடைய கொள்கை திருச்சபையின் தலைவராலேயே போற்றப்படும்போது வேறு எவரும் பூரித்துப்போயிருப்பார். அவரோ கலங்கினார். அடுத்த ஆண்டு உரோமாபுரியில் வத்திக்கான் வானாய்வுக்கூடத்தின் தலைவரான ஓ'கொனல் என்னும் யேசுசபைக் குருவோடு இதுபற்றிக் கலந்து பேசினார். 1952 செப்டெம்பரில் சர்வதேச வானியற் சங்கத்தின் மாநாடு உரோமாபுரியிற் கூடியது. பாப்பரசர் அங்கும் உரையாற்றினார். வானியலின் வெற்றிகளைப் பாராட்டினார். ஆனால் 'ஒளி உண்டாகுக' என்பதோடு அதனை முடிச்சுப்போடவில்லை.

லெமேத்ர் கலங்கியதற்குக் காரணம் என்ன? முதலாவது, கொள்கை அன்று நோஞ்சான் பிள்ளையாக இருந்தது. ஹபிளின் அளவுகளின்படி விரிவின் காலம் ஏறக்குறைய 180 கோடி ஆண்டுகளே. பாறைகளின் கதிரியக்கமோ பூமிக்கு 300 கோடிக்கு மேற்பட்ட வயது சொன்னது. தாயைவிடப் பிள்ளைக்கு வயது அதிகம்! மேற்சொன்ன உரோமாபுரி மாநாட்டிலேதான் பாடே என்னும் வானியலார் எழுந்து, அண்டைய மண்டலங்களின் தூரத்தை நாம் பாதியாகக் கணித்திருந்தோம், விரிவின் காலத்தை இருமடங்கு, அதாவது 360 கோடி ஆண்டுகள் எனக் கொள்ளவேண்டும் என்று அறிவித்தார். ஒரு பிற்பகலில் பிரபஞ்சத்தின் வயது இரட்டித்துவிட்டது. இப்படி ஆடுகின்ற தூணிலே கடவுட் கொள்கையைக் கட்டிவைத்தால், தூண் சாயும்போது எது விழும்?

இரண்டாவது காரணம் சமயத்தைச் சார்ந்தது. கணக்கின் விடையாக வரும் கடவுள், கணக்கிலுள்ள மற்றொரு கணியமாகவே இருப்பார். லெமேத்ர் வழிபட்ட கடவுள் அப்படிப்பட்டவர் அல்லர். 1958இல் மீண்டும் பிரசல்ஸ் நகரில் விஞ்ஞானிகளின் முன் பேசும்போது, தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு முற்றும் புறம்பானது என்றும், கடவுளை மறுக்கும் சடவாதிக்கு அது பூரண சுதந்திரம் அளிக்கின்றதென்றும் சொன்னார். விசுவாசிக்கு வேதாகமம் கூறும் மறைந்திருக்கும் கடவுளே போதுமென்றும் குறிப்பிட்டார்.

நம் நாட்டுத் தமிழருக்கும் இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினரியில் வானியல் சிறப்பாகக் கற்பிக்கப்பட்டது. 1829இல் நிகழ்ந்த கிரகணமொன்றை உள்ளூர்ப் பஞ்சாங்கம் பிழைபடக் கணித்திருந்ததை அதன் தலைவர் டானியல் பூவர் மாணாக்கருக்கு எடுத்துக்காட்டினார். மேற்கத்திய வானியல் வெல்வதாற் கிறிஸ்து சமயமே மெய்யென்பது அக்கால மிஷனரிமாரின் வாதம். கிரகணம் சொன்ன நேரத்திற் பிடித்தது. பஞ்சாங்கத்தின் கணக்குத் தவறு என்பது மெய்யாயிற்று. ஆனால் அதற்குமேல் எதுவும் மெய்யாகவில்லை. கோவிலில் இருந்த மூர்த்தியைப் பற்றி அக்கிரகணம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிலுவையைப் பற்றியும் சொல்லவில்லை. அன்று நமக்கெதிராக வீசப்பட்டபோது நியாயமற்றதாய்ப் பட்ட ஆயுதத்தை, இன்று நமக்குச் சாதகமாக வீசினால் மட்டும் நியாயம் என்று எப்படிச் சொல்வது?

மாணவரின் தகப்பனாருக்கு நாம் மரியாதையோடு சொல்ல விரும்புவது இதுதான். பிரமனின் ஒரு பகலாகிய கற்பம் 432 கோடி ஆண்டுகள். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி. பார்த்தீர்களா என்பார்கள். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி என்பதை அப்போது எவரும் எடுத்துவைப்பதில்லை. பாற்கடலையும் கருப்பஞ்சாற்றுக் கடலையும் எங்கே வைப்பதென்றும் கேட்பதில்லை. பொருந்துவதைப் பொறுக்கிக்கொண்டு பொருந்தாததை மறைத்துவிடுவது பரீட்சை மண்டபத்தில் குற்றமாகும். ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள அணுத்துகள் ஆய்வுக்கூடமாகிய சேர்னில் இந்திய அரசாங்கம் அளித்த நடராஜ மூர்த்தம் 2004 முதல் நிற்கின்றது. அழகான காட்சி. ஆனால் அது ஆய்வின் முடிவன்று, அன்பளிப்பு.

மேலும், சைவ சித்தாந்தம் சொல்வதைச் சற்று உற்றுநோக்கினால் இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையே தேவையற்றதாகும். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்பதே அதன் அடிப்படை. இல்லாததிலிருந்து உலகம் வந்ததென்று அது சொல்லவில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அவ்வாறே உலகுக்கு மாயையும் சத்தியும் இறைவனும். தோன்றுவதும் நிலைப்பதும் ஒடுங்குவதும் மீண்டும் தோன்றுவதுமாகிய உலகில், ஒரேயொரு முதற்கணம் என்பதற்கு அங்கே தனிப்பெருமை கிடையாது. உடுக்கை படைத்தலைக் குறிக்கின்றதென்று சித்தாந்த நூல்கள் விளக்குவது மெய்யே; ஆயின் அதே திருவுருவிற் காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்பனவும் இப்பொழுதே நடைபெறுகின்றன. 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை ஒலித்து ஓய்ந்த உடுக்கையன்று அது.

மெய்கண்டார் வாழ்ந்த அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த தோமஸ் அக்குவைனாஸ் என்ற கத்தோலிக்க ஞானியும், வேறு கொள்கையினராயினும், இவ்விடத்தில் நமக்குத் துணைவருகிறார். உலகுக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் உண்டென்பதை விசுவாசத்தாற் கொள்ளலாமேயன்றித் தருக்கத்தால் நிறுவ முடியாதென்று அவர் வாதித்தார். படைப்பு என்பது முதல்நாட் சம்பவமன்று. எக்கணமும் உலகம் இறைவனைச் சார்ந்து நிற்பதாகும். என்றென்றும் எரிந்துகொண்டிருக்கும் ஒரு தீபம் இருக்குமானால் அதன் ஒளிக்குத் தொடக்கம் இராது; ஆயினும் ஒளி தீபத்தைச் சார்ந்ததே அன்றோ?

நண்பனுக்குச் சொல்லவேண்டியது சிறிதளவே. எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியாயிற்று என்பது தவறு. பெருவெடிப்புக் கொள்கை உறுதியாகச் சொல்வது, பிரபஞ்சம் ஒருகாலத்தில் மிகச் செறிந்தும் மிக வெப்பமாயும் இருந்து அன்றுமுதல் விரிந்து குளிர்ந்து வருகின்றது என்பதே. அதற்கும் அப்பாற் சென்றால், நாமறிந்த சமன்பாடுகள் பேச்சற்றுப்போகின்றன. அங்கே கடவுளைக் குடியேற்ற ஆசைப்படுவதும் அபாயமே. ஹோக்கிங் முதலானோர் அக்கணத்தையும் பௌதிகத்தாலே விளக்க முயன்றிருக்கின்றனர், ஒருநாள் எவரேனும் வெற்றியும் பெறலாம். அப்படி வென்றாலும், அந்த விதிகள் ஏன் இருக்கின்றன, உலகம் எதன்பொருட்டு என்ற கேள்விகள் அப்படியே இருக்கும். ஆன்மாக்கள் மலம் நீங்கி வீடுபெறும்பொருட்டு என்று சைவம் அதற்கு ஒரு விடை சொல்கின்றது. தொலைநோக்கியால் அதனைச் சரிபார்க்கவும் முடியாது, பொய்யாக்கவும் முடியாது.

இணக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் காப்பாற்ற முடியுமென்று நாம் சொல்லவில்லை. உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டதென்று 1650இல் அஷர் மேற்றிராணியார் செய்த கணக்குப் போயே போயிற்று. மேருவைச் சுற்றிய ஏழு கடல்களும் பூகோளப் படத்திலிருந்து போயின. அவற்றை விட்டுக்கொடுத்ததால் எந்தத் தேவாரமும் மௌனமாகிவிடவில்லை. கும்பிடும்போது எதை மனத்தில் வைத்துக்கொள்வதென்று கேட்ட மாணவருக்கு எம்முடைய விடை, நேற்றுவரை எதை வைத்துக் கும்பிட்டீரோ அதையே என்பதாகும். எண்களை வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வாரும். அவை அங்கே பத்திரமாக இருக்கும், அவசியமானபோது திருத்தவும்படும்.

லெமேத்ரின் கதைக்கு ஒரு முடிவு பாக்கியிருக்கின்றது. ஆதி அணு பிளந்ததன் சாம்பலாக இன்றும் ஏதேனும் எஞ்சியிருக்கவேண்டும் என்று அவர் நம்பினார். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களே அது என்று நெடுங்காலம் தேடினார். அதில் அவர் தவறிவிட்டார். காஸ்மிக் கதிர்களின் பிறப்பிடம் வேறு. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் வானொலி அலைகளை வாங்கும் ஒரு பெரிய கொம்பு வடிவக் கருவியில், எத்திசையிற் திருப்பினாலும் ஓயாத ஓர் இரைச்சலைக் கேட்டனர். கருவிக்குள் கூடுகட்டியிருந்த புறாக்களைத் துரத்தி எச்சத்தைக் கழுவியும் இரைச்சல் போகவில்லை. ஆதி வெப்பம் குளிர்ந்து குளிர்ந்து, பூச்சிய நிலைக்கு மேல் மூன்று பாகைக்கும் குறைவாக எஞ்சிய மிச்சமே அது. செய்தி 1965இல் வெளிவந்தது. லூவேனில் நோயுற்றிருந்த லெமேத்ரிடம் அவருடைய உதவியாளர் கொதார் அதைக் கொண்டுபோய்ச் சொன்னார். தாம் தேடிய இடத்தில் அல்லாவிடினும் சான்று கிடைத்துவிட்டதென்று முதியவர் மகிழ்ந்தார். 1966 ஜூன் 20ஆம் திகதி அவர் காலமானார். விரிவின் விதிக்கு ஹபிளின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து வழங்கும்படி சர்வதேச வானியற் சங்கத்தார் 2018இல் வாக்களித்து முடிவுசெய்தனர்.